அண்ணன் காவல் காத்த கேன்

ஆம்பூரில் எனக்குப் பிடித்த கிழமை வெள்ளி. பக்தி என்று நினைத்துவிட வேண்டாம். அன்றைக்குத் தோல் பதனிடுகிற டேனரிகளுக்கு லீவு, அவ்வளவுதான். மற்ற நாட்களில், காலையில் தோலைப் போட்டு உருட்டுகிற பெரிய மர உருளைகள் ஒவ்வொரு டேனரியிலும் சுற்ற ஆரம்பித்ததும் ஊருக்கே கரண்டு இளைத்துப்போகும். என் லேபில் இருந்த கலரிமீட்டரின் முள் சாமி வந்தது மாதிரி ஆடும். நிறத்தின் அடர்த்தியை அளந்து சொல்கிற பெட்டி அது. முள் நிற்காவிட்டால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளிக்கிழமை மட்டும் நிற்கச் சொன்ன இடத்தில் சமத்தாக நிற்கும்.

எண்பதுகளின் தொடக்கம். நான் குடியாத்தத்துக்காரி, லுங்கி நெய்கிற குடும்பம். வேலூரில் லேப் டெக்னீஷியன் படித்துவிட்டு, ஆம்பூர் பஜாருக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சில படுக்கைகள், ஒரு டாக்டர், ஒரு லேப். லேப் என்றால் நான்தான். ரத்தம் எடுப்பது, சோதிப்பது, குழாய் கழுவுவது, பேஷண்டோடு சண்டை போடுவது எல்லாம் ஒரே ஆள். என் வேலையில் எனக்கு இருந்த நம்பிக்கையைத் திமிர் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். நான் கொடுத்த ரிசல்ட்டை நம்பாமல் வேறு ஊருக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்தவர்கள் அதே நம்பரோடுதான் திரும்பி வந்தார்கள்.

கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தத்தில் எங்களுக்கு அப்போது இருந்தது இரண்டே தடயம். யூரியா, கிரியாட்டினின். யூரியாவை நான் அவ்வளவாக மதிப்பதில்லை. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் ஏறும், கறி ஜாஸ்தி தின்றாலும் ஏறும். ஆம்பூரில் இரண்டுக்குமே பஞ்சமில்லை. கிரியாட்டினின் கொஞ்சம் நேர்மையான ஆசாமி. உடம்பிலுள்ள சதை தினமும் வெளியே தள்ளுகிற கழிவு அது. கிட்னி அதை வடிகட்டி மூத்திரத்தில் விடும். கிட்னி சோர்ந்தால் அது ரத்தத்தில் தேங்கும். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரோடு பிக்ரிக் ஆசிடும் காரமும் சேர்த்துக் கொஞ்ச நேரம் வைத்தால், மஞ்சள் மெல்ல ஆரஞ்சாகும். ஆரஞ்சு எவ்வளவு அடர்த்தியோ, கிரியாட்டினின் அவ்வளவு. அந்த மஞ்சள் கையில் பட்டால் சோப்புக்கு மசியாது. "இன்னாக்கா, வெரலுக்கு மட்டும் மஞ்ச காமாலையா?" என்று என்னைக் கேட்காத பேஷண்ட் குறைவு.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்திதான் அந்தப் பெண். இருபத்திரண்டு வயது இருக்கும். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற மெஷினில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். கால் வீங்கியது, மூச்சு வாங்கியது, பார்த்தால் இரண்டு கிட்னியும் போய்விட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை வேலூருக்கு பஸ் ஏறிப் போய் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவாள். நடுநடுவே என்னிடம் ரத்தம் கொடுப்பாள். முகம் வெளுத்து, கை குச்சியாகி, வாய் மட்டும் குறையவில்லை. "ஊசி குத்தறதுல உங்கள அடிச்சுக்க ஆள் இல்லக்கா, கொசு தோத்துடும்" என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. பேஷண்டுகளைப் பிடிக்கக் கூடாது என்று படிக்கும்போதே சொல்லித்தான் அனுப்பினார்கள். சொன்னவர்கள் அவளைப் பார்த்ததில்லை.

மெஷினை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது, மாற்றுக் கிட்னி வைத்தால்தான் பிழைப்பாள் என்று வேலூரில் சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை, அவளிடம் எடுக்க முடியாது. மிச்சம் இருந்தது அண்ணன் ஒருத்தன்தான். அவன் ரத்தமும் பொருந்தியது. கிட்னி எப்படி இருக்கிறது என்ற முதல்கட்ட டெஸ்டுகளை ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள், தேறினால் மேற்கொண்டு பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த டெஸ்டுகள் என்னிடம் வந்தன.

அண்ணன் லேபுக்குள் நுழைந்ததும் அறை சின்னதாகிவிட்டது. டேனரியில் தோல் சீவுகிறவன். சுண்ணாம்பில் ஊறிய ஈரத் தோலைச் சாய்வான கட்டையில் போட்டு, கட்டைமேல் வயிற்றைக் கொடுத்துக் குனிந்து, இரண்டு கைப்பிடி வைத்த கத்தியால் கொழுப்பையும் சவ்வையும் வழித்து எடுக்கிற வேலை. தண்ணீர் குடித்த மாட்டுத் தோல் என்ன கனம் கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோளும் புஜமும் வைரம் பாய்ந்த மரம் மாதிரி இருந்தன. ஊசியைப் பார்த்ததும் மட்டும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டான். தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள்.

அவன் ரத்தத்தில் கிரியாட்டினின் ஒன்று புள்ளி நான்கு வந்தது. நாங்கள் போட்டு வைத்திருந்த எல்லையின் விளிம்பு. டாக்டர் சீட்டைப் பார்த்துத் தாடையைத் தடவினார்.

"கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனா அந்த உடம்புக்கு இது இருக்கும். சதை ஜாஸ்தின்னா கிரியாட்டினினும் ஜாஸ்தி. இதே நம்பர் அவன் தங்கச்சி மாதிரி குச்சி ஒடம்புல வந்திருந்தா நான் பயந்திருப்பேன். ரத்தத்தை மட்டும் வெச்சு சொல்ல முடியாது. ஒரு நாள் மூத்திரம் முழுக்கப் புடிச்சிக் கணக்குப் போட்டுடலாம்" என்றார்.

ஒரு நாள் மூத்திரம் என்பது கேட்பதற்கு லேசு. காலையில் எழுந்ததும் போகிறதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் மறுநாள் காலை வரை ஒரு சொட்டு வீணாகாமல் கேனில் பிடிக்க வேண்டும். இதை நான் தலையால் தண்ணீர் குடித்துச் சொன்னாலும், கடைசியில் பாதிப் பேர் முக்கால் கேனைக் கொண்டுவந்து, "நடுவுல கல்யாணத்துக்குப் போய்ட்டேன் மேடம்" என்பார்கள். அதனால் அண்ணனுக்கு நான் பாடம் நடத்த வாயைத் திறந்தேன். தங்கை குறுக்கே வந்துவிட்டாள்.

"நீங்க விடுங்கக்கா. கேன் விஷயத்துல எங்க வீட்ல நான்தான் எக்ஸ்பர்ட். எத்தினி கேன் ரொப்பிக் குடுத்திருக்கேன். நான் பாத்துக்கறேன்."

எனக்கும் நிம்மதியாக இருந்தது. அண்ணனுக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை ஆரம்பித்து, சனிக்கிழமை விடிந்ததும் அவளே அவனோடு கேனைக் கொண்டுவந்தாள். பழைய லுங்கித் துணியில் சுற்றி, பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகிற மாதிரி கௌரவமாகக் கொடுத்தாள். கேன் நிறைய இருந்தது. டேனரி உருளைகள் ஓடுவதற்கு முன்னால் டெஸ்டை முடித்துவிட வேண்டும் என்று அவசர அவசரமாக உட்கார்ந்தேன்.

கணக்குப் போட்டால் கிட்னி பாதிதான் வேலை செய்கிறது என்று வந்தது.

நான் பதறிப்போய் இன்னொரு முறை செய்தேன். அதே நம்பர். டாக்டர் வந்ததும் முதலில் கேட்டது, "முள்ளு ஆடிச்சா?" என்றுதான். எனக்குச் சுருக்கென்றது. "முள் ஆடற நேரத்துல நான் டெஸ்ட் பண்ண மாட்டேன்னு உங்களுக்கே தெரியும் டாக்டர்" என்றேன். அவர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு பேரும் கணக்கைப் பிரித்துப் பார்த்தோம். பார்க்கப் பார்க்க அது உதைத்தது.

விஷயம் இதுதான். ஒரு வீட்டில் தினமும் சேர்கிற குப்பை ஏறக்குறைய ஒரே அளவு. வாசல் பெரிதானாலும் சின்னதானாலும், வீட்டில் ரொம்ப நாளாக ஒரே அளவு குப்பை கிடக்கிறது என்றால், சேர்வது அத்தனையும் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். கிரியாட்டினினும் அப்படித்தான். கிட்னி மட்டமாக இருந்தால் ரத்தத்தில் தேக்கம் ஏறும். ஆனால் ஒரு நாளைக்கு வெளியே போகிற மொத்தம், அந்த உடம்பின் சதை உற்பத்தி செய்கிற மொத்தம்தான். அந்த அண்ணன் உடம்பு ஒரு நாளைக்குத் தள்ள வேண்டியதில் பாதிதான் கேனில் இருந்தது. கேனின் அளவு நிறைய, சரக்கு பாதி. மூத்திரமும் வெளுத்துக் கிடந்தது.

"தண்ணி கலந்திருக்கு" என்று நானும் டாக்டரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

யார் கலந்திருப்பார்கள் என்று எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. கிட்னி கொடுக்க வேண்டியவன் அவன். ஊசிக்கே முகத்தைத் திருப்புகிறவன். அம்மாவும் உறவும் சேர்ந்து, தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று பெருமை பேசி அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்டவன் பயமாக இருக்கிறது என்று எங்கே போய்ச் சொல்வான்? கேனில்தான் சொல்வான் என்று நினைத்தோம்.

தங்கை இல்லாத நேரமாகப் பார்த்து அவனிடம் நான் கேட்டேன். "அண்ணா, கேன்ல தண்ணி கலந்த மாதிரி இருக்குது. தெரியாம ஏதாவது ஊத்திட்டீங்களா?"

"நான் இன்னாத்துக்கு மேடம் ஊத்தப் போறேன்?" என்றான். முகத்தில் கள்ளம் இல்லை. ஆனால் கள்ளமில்லாத முகங்களை நான் நிறையப் பார்த்திருந்தேன். இன்னொரு கேன் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்த வெள்ளி போய் சனிக்கிழமை வந்தது. அதே நிறை கேன், அதே லுங்கித் துணி, அதே வெளுப்பு, அதே பாதி.

இந்த முறை டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நானும் உள்ளே இருந்தேன். அவர் ரொம்பப் பக்குவமாகத்தான் பேசினார். "பயப்படறது தப்பில்லப்பா. எனக்கே என் கிட்னிய குடுன்னா யோசிப்பேன். புள்ளகுட்டிக்காரன் நீ. இஷ்டமில்லன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு. ஒன் கிட்னி சரிப்படாதுன்னு வீட்ல நானே சொல்லிடறேன். இந்த ரூம் தாண்டி யாருக்கும் தெரியாது."

அவ்வளவு பெரிய ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப நான்தான் ஊத்திட்டேன்னு முடிவே கட்டிட்டீங்க. என் தோஸ்த்துகிட்ட வயிறெரிஞ்சு சொன்னா, அவனும் 'பயமா இருந்தா நேரா சொல்றதுதானடா'ன்றான். ரெண்டு தபாவும் தேறலன்னதும் எங்கம்மா என் மூஞ்சியே பாக்க மாட்டேங்குது. ஒரே பேஜாராப் போச்சு சார்." எழுந்து நின்றான். "மூணாவது கேனை நான் இங்கயே ரொப்பறேன். மேடம் கண்ணு முன்னாடி. இந்த ஆஸ்பத்திரிய வுட்டு நகர மாட்டேன்."

சொன்னபடி செய்தான். வியாழக்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் வந்து, கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டு, என் லேபுக்கு வெளியே வேப்ப மரத்தடியில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தான். கேனை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். டீ குடிக்கப் போனாலும் கேனோடு போனான். டீக்கடைக்காரர் கேனை உள்ளே விடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் தெருவில் நின்று குடித்துவிட்டு வந்தான். பேத்தி பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்த ஒரு பாட்டி, "இன்னாப்பா அது, மண்ணெண்ணெய்யா? எங்க குடுக்கறாங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனாள். ஒரு ராஜா கஜானாவைக்கூட அவ்வளவு அக்கறையாகக் காவல் காத்திருக்க மாட்டார். எனக்கு உள்ளே சிரிப்பு. ஆனால் பயந்தவன் இப்படி உட்கார மாட்டானே என்ற யோசனையும் அப்போதுதான் முதன்முதலாக வந்தது.

மத்தியானம் தங்கை சாப்பாடு கொண்டுவந்தாள். வெயிலில் நடந்து வந்ததில் மூச்சு இரைத்தது. அண்ணன் பெஞ்சில் கேனோடு இருப்பதை வாசலிலேயே நின்று பார்த்தாள். அவனிடம் போகாமல், தூக்குப் பாத்திரத்தோடு நேராக என்னிடம் வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். அன்றைக்கு என் மஞ்சள் விரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, ஒரு ஒதவி பண்ணுங்க. நாளைக்கு அந்தக் கேன் ஒங்க கைக்கு வந்ததும் பாதிய கொட்டிட்டுத் தண்ணி ஊத்திடுங்க."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "இன்னாது?"

"நான் ஊத்தினா மாதிரியேதான். ரெண்டு தபாவும் நான்தான் ஊத்தினேன். கேன் கொறைஞ்சா கண்டுபுடிச்சிடுவீங்கன்னு தெரியும், அதான் ரொப்பி வெச்சேன். தண்ணி கலந்தாலும் தெரியும்னு தெரியாது." சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "இப்ப அண்ணன் மேல பழி வந்துடுச்சு. என்னால தாங்க முடியல. ஒங்க கண்ணு முன்னாடி ரொப்பினதும் பாதின்னே வந்தா, கிட்னியே சரியில்லன்னு வுட்டுடுவாங்க, பழியும் போயிடும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கையில் இருந்த குழாயை ஸ்டாண்டில் வைத்த வேகத்தில் அது உடையாமல் இருந்ததே ஆச்சரியம். "உனக்குப் பைத்தியமா? அந்தக் கிட்னி உனக்குத்தான். உன் உசுரு. அது தேறலன்னா நீ என்ன ஆவேன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். எங்கூட மெஷினுக்கு வந்த பொண்ணுக்கு அவங்கப்பா குடுத்தாரு. அவளுக்கு வெச்சது நிக்கல. இப்ப அவளும் மெஷின்ல, அவங்கப்பாவுக்கும் மிச்சம் ஒரு கிட்னிதான். எங்கண்ணனுக்கு மூணு புள்ளைங்கக்கா. அந்தக் கட்டை மேல வயித்த அழுத்திக்கினு செய்யற வேலை. ஒரு பக்கம் கிழிச்சி எடுத்துட்டா அந்த வேலைய எப்பிடி செய்யும்? நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எங்கண்ணி மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்?"

"இதை வீட்ல சொல்றதுக்கு என்ன?"

"சொல்லலன்னு நெனைக்கிறீங்களா? எத்தினி தபா சொல்லிட்டேன். நான் வேணாம்னு சொன்னா மரியாதைக்கு சொல்றேன்னு நெனைக்கிறாங்க. எலையில சோறு போதும் போதும்னா இன்னும் ரெண்டு கரண்டி போடுவாங்களே, அதே கதைதான். அம்மா அழுவுது, அண்ணன் சிரிக்கிது."

"அப்ப இன்னும் அழுத்தமா சொல்லணும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அழுத்தமா சொல்ல பயமா இருக்குதுக்கா. சரி, ஒன் இஷ்டம்னு ஒத்துக்கினாங்கன்னா? எனக்கு சாவ இஷ்டமில்ல."

அந்த வார்த்தையில் என் கோபம் எல்லாம் வடிந்துபோனது. வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல், வேண்டும் என்று கேட்கவும் முடியாமல், முடிவை ஒரு கேனின் தலையில் கட்டியிருக்கிறாள் இருபத்திரண்டு வயதுப் பெண். நம்பர் சொல்லிவிட்டது என்றால் யாருக்கும் யார் மேலும் வருத்தம் இல்லை பாருங்கள். அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் எனக்குக் கட்டிக்கொண்டு அழுகிற பழக்கம் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொன்னேன்.

"நான் கொட்ட மாட்டேன். என் மெஷின் யாருக்காகவும் பொய் சொல்லாது, உனக்காகவும் சொல்லாது. உனக்கு வேணாம்னா வேணாம்னு சொல்லு, வேணும்னா வேணும்னு சொல்லு. ரெண்டுல எதுவானாலும் வெளிய உக்காந்திருக்குதே அந்த ஆளுகிட்ட சொல்லு. கேன்கிட்ட சொல்லாத."

அவள் என்னைப் பார்த்தாள். தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் வேலை பார்க்கிற மாதிரி ஜன்னலோரம் வந்து நின்றேன். ஒட்டுக் கேட்பது மரியாதை இல்லைதான். அந்தக் கேனுக்கு நானும் ஒரு பொறுப்பாளி என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் சொன்னாள். குரல் கேட்கவில்லை, அண்ணன் முகம் மாறுவது மட்டும் தெரிந்தது. அவன் திடீரென்று எழுந்தான். கேன் சாய்ந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து பிடித்தார்கள். என் உயிர் போய் வந்தது.

"நீயா?" என்றான் அவன். தெருவுக்கே கேட்டிருக்கும். "டேனரில என் தோஸ்த்தே என்ன பயந்தாங்கொள்ளின்றான். டாக்டரு கதவ சாத்திக்கினு எனக்கு ஆறுதல் சொல்றாரு. அம்மா சோத்துத் தட்ட நங்குன்னு வெக்கிது. எல்லாம் நீ பண்ண வேலையா?"

"ஆமா" என்றாள் அவளும் அதே சத்தத்தில்.

"ஏன்?"

"எனக்கு ஒன் கிட்னி வேணாம்ணா. நான் எப்ப கேட்டேன்? ஒரு தபாவாவது கேட்டனா?"

"கேக்கல. நீ கேக்கலன்றதாலதான் குடுக்கறேன். கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

அவள் முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு அழுதாள். அவன் தேற்றவில்லை. அவளருகில் உட்கார்ந்து, கேனை மறுபடி காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டான். பிறகு தூக்குப் பாத்திரத்தை முழங்கையால் இடித்தான்.

"சோறு போடு. ரசம் ஜாஸ்தி ஊத்து. கேன் ரொம்ப வேணாமா?"

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள். போட்டுக்கொண்டே, "அப்ப ஒரு கண்டிஷன்" என்றாள். "ஆபரேஷன் ஆனதும் எப்பல்லாம் எனக்கு ரத்தம் எடுக்கறாங்களோ, அப்பல்லாம் ஒனக்கும் எடுக்கணும். மொதல்ல ஒன் நம்பர். அது நல்லாருந்தாதான் என் நம்பர் பாப்பேன்."

"என் நம்பர் கெட்டுப்போச்சுன்னா இன்னா பண்ணுவ? திருப்பிக் குடுத்துடுவியா?"

"குடுத்துடுவேன்."

"ஆங், குடுப்ப. சின்ன வயசுல வாங்கின கோலிகுண்டே இன்னும் வரல."

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் கேன் என் மேஜைக்கு வந்தது. தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு அவனே கொண்டுவந்து வைத்தான். நல்ல மஞ்சள் நிறம், நல்ல நெடி. அந்த நெடியை அவ்வளவு சந்தோஷமாக நான் முகர்ந்ததே இல்லை. டேனரிகள் மூடிக் கிடந்தன, முள் அசையாமல் நின்றது. அந்த உடம்பு தள்ள வேண்டியது அத்தனையும் கேனில் இருந்தது. கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு நூறு மில்லியை ஒட்டி வந்தது. டாக்டர் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அவன் தோளில் தட்டினார். "மன்னிச்சுக்கோப்பா. எருமை மாதிரி கிட்னி வெச்சிருக்க."

"எருமைத் தோலும் நான்தான் சார் சீவறேன்" என்றான் அவன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் அம்மா லேபுக்கு வந்தாள். மகனைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று உருகிக் கரைந்தாள். பிறகு மகளைத் திட்டினாள். பிறகு இரண்டு பேரையும் பெற்ற வயிற்றைத் தடவிக்கொண்டு அழுதாள். ஒரே மூச்சில் மூன்றையும் செய்ய அம்மாக்களால்தான் முடியும்.

வேலூரில் மறுபடியும் எல்லா டெஸ்டும் பார்த்தார்கள். அங்கேயும் என் நம்பரை ஒட்டித்தான் வந்தது. அதில் எனக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை. ஆபரேஷன் நடந்தது. செய்தி வருகிற வரைக்கும் நான் எந்த வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். குழாய் இரண்டை உடைத்தேன், ஒரு பேஷண்டை இரண்டு முறை குத்தினேன். வைத்த இடத்திலேயே, ஆபரேஷன் மேஜை மேலேயே கிட்னி மூத்திரம் விட ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னபோது, லேப் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து அழுதேன்.

சில மாதம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். புதுக் கிட்னி நிற்பதற்காகத் தின்கிற மாத்திரையால் அவள் முகம் பூரி மாதிரி உப்பியிருந்தது. கன்னத்தில் ரத்தம் ஊறியிருந்தது. கூடவே பழைய வாயும் திரும்பி வந்திருந்தது. "இன்னாக்கா, இன்னும் காமாலை வுடலியா?" என்று நுழையும்போதே ஆரம்பித்தாள். அண்ணனை டேனரி முதலாளி பாய், தோல் சீவுகிற கட்டையிலிருந்து மாற்றி, பதப்படுத்திய தோலைத் தரம் பிரிக்கிற இடத்தில் உட்கார வைத்திருந்தார். நிழல் வேலை. புஜம் கொஞ்சம் வற்றியிருந்தது. ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்புவது மட்டும் மாறவில்லை.

கண்டிஷன் கண்டிஷன்தான். அண்ணன் கையில் எடுத்த பிறகுதான் தன் கையை நீட்டினாள். வெள்ளிக்கிழமையாகப் பார்த்துத்தான் வந்திருந்தார்கள். நான் இரண்டு ரத்தத்தையும் பிரித்து, பிக்ரிக் ஆசிட் சேர்த்து, அடுத்தடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். மஞ்சள் மெல்ல மெல்ல ஆரஞ்சாக ஆரம்பித்தது. இரண்டு பேரும் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். அடர்த்தியாக ஏறுமோ என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏறவில்லை. இளம் ஆரஞ்சோடு நின்றுவிட்டது, இரண்டும் ஒரே மாதிரி. முதன்முதலாக அவளுக்கு டெஸ்ட் செய்த நாளில் குழாய் கறுத்த செங்கல் நிறத்துக்குப் போனது எனக்கு ஞாபகம் வந்தது.

"எதுக்கா அண்ணனோடது?"

"பார்வைக்கு ரெண்டும் ஒண்ணுதான். மெஷின்ல வெச்சாதான் தெரியும், பொறு" என்றேன்.

"சொல்லுங்கக்கா, எது அண்ணன்து, எது என்னுது?"

அண்ணன் கையில் பஞ்சை அழுத்தியபடி எட்டிப் பார்த்தான். "எதுவா இருந்தா இன்னா? ரெண்டும் என் கிட்னிதான வடிகட்டிச்சு" என்றான்.

அவள் அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அந்தப் பஞ்சைத் தான் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.